சுழி போடாத கடிதம்

ஈஸ்ட் ஹாம், லண்டன்
09.11.1993

அன்பு மகன் சிவானந்தனுக்கு,

அப்பா எழுதிறன். கனடாவில் இப்பவே பனி கொட்டுது எண்டு எழுதியிருந்தாய். அந்த மோட்டல் குசினியில் சமைக்கேக்கை ஈரச் சப்பாத்தோடு நிற்காதே. எனக்கு முழங்கால் நோ. அம்மாவுக்கு நெஞ்சு வருத்தத்துக்கு விழுங்கிற குளிசையை மாத்தித் தந்திருக்கினம்.

விஷயத்துக்கு வாறன். உன்ர தம்பி அருள்நேசன் எழுதினதாக நீ அனுப்பின கடிதம் போன கிழமை வந்தது. மடையா, மேலே பிள்ளையார் சுழி போட மறந்துபோனாய். இவ்வளவு காலமும் அவன் எழுதுற மாதிரியே சரிச்சு எழுதி, ஒரு பிழையும் விடேல்லை.

நான் வேலையால் வர, அம்மா அதைக் கையில் வைச்சுக்கொண்டு இருந்தா. கமக்காரன் ஒருத்தன் உழேக்கை டைனோசர் எலும்பு தட்டுப்பட்டதையும், மியூசியத்து ஆக்கள் சாந்து பூசித் துணி சுத்தி, பிள்ளையைத் தூக்கிற மாதிரித் தூக்கிக்கொண்டு போனதையும் எனக்கு வாசிச்சுக் காட்டினா. பிறகு கடிதத்தை நாலாகக் கிழிச்சா. முந்தி வந்த கடிதமெல்லாம் சாமிப் படத்துக்குப் பின்னாலே கட்டி வைச்சிருக்கிறா. செத்தவீட்டுக் கடிதத்தைத்தானே சுழி போடாமல் எழுதிறது, வாசிச்ச உடனே கிழிக்கிறது. கிழிச்சுப்போட்டு, சாவு கேட்டால் முழுகிற மாதிரிப் போய்த் தலைக்கு முழுகினா.

ஈரத் தலையோடு வந்து சொன்னது இவ்வளவுதான்: "ஏழு கோடி வருஷத்து மிருகத்தைக்கூட ஆரோ தோண்டி எடுத்துப் பேர் வைக்கினம்."

அவன் போலந்து எல்லையில் களவாக வந்த லொறிக்குள்ளே விறைச்சுச் செத்த செய்தி வரேக்கை, அம்மா ஒப்பரேஷன் முடிஞ்சு கிடந்தா. தாங்கமாட்டா எண்டு நான்தான் உன்னைப் பொய் சொல்ல வைச்சன். கனடா போய்ச் சேர்ந்திட்டான், உன்னோடு நிற்கிறான், போன் இல்லாத முகாமில் எலும்பு தோண்டுற வேலை எண்டு. அந்த வெட்டவெளி ஊருக்கு ஆர் தேடி வரப்போகினம் எண்டு நினைச்சன். பாவம் என்னோடு போகட்டும்.

அம்மா அழவும் இல்லை, கேட்கவும் இல்லை. அடுத்த நாள் அவன்ர படத்தை இறக்கித் துடைச்சுத் திரும்ப மாட்டினா. மாலை போடேல்லை. கேட்க எனக்குப் பயமாக இருக்கு.

இனி அவன்ர பேரில் எழுதாதே ராசா. உன்ர பேரில், உன்ர கையெழுத்தில் கிழமைக்கு ஒண்டு போடு. சுழியைப் பெரிசாகப் போடு, அம்மா முதல் அதைத்தான் பார்ப்பா. நீயாவது சுகமாக இருக்க வேணும்.

இந்தக் கடிதத்துக்கு நானும் சுழி போடேல்லை. வாசிச்ச உடனே கிழிச்சுப்போட்டு, எவ்வளவு குளிர் எண்டாலும் தலைக்குத் தண்ணி வார். செத்த தம்பிக்கு எண்டு நீயும் நானும் இன்னும் முழுகேல்லை.

உன் அப்பா,
அம்பலவாணன்