சாம்பல் நிற நூலை அறுத்துவிடு

மண்ணரை,
வெள்ளிக்கிழமை காலை

என் வேல்விழிக்கு,

மாதவன் எழுதுவது. நலமா என்று கேட்டுத் தொடங்கும் நிலையில் நான் இல்லை. முதலில் ஒரு வேலை செய். உன் குடியிருப்புக்குப் பின்னால் ஆன்டெனா கம்பியின் நுனியைப் பலாமரத்தோடு கட்டியிருக்கும் சாம்பல் நிற நூலை அறுத்துவிடு. ஜீப் ஓட்டும் குமாரசாமியிடம் நைலான் கயிறு கொடுத்தனுப்பியிருக்கிறேன், அதைக் கட்டு. வெளிச்சம் இருக்கும்போதே கட்டிவிடு. இருட்டினால் யானை இறங்கும் இடம். மாலை ஏழு மணிக்கு ரேடியோவில் சொன்னால் அதற்குள் இருட்டிவிடும் என்றுதான் ஜீப்பில் அனுப்புகிறேன்.

நேற்று நம் ரேடியோ பேச்சு நேரம் முடிந்த பிறகுதான் குமாரசாமி மலையிலிருந்து இறங்கி வந்தார். வாசலில் நின்றபடியே, அக்கா தினமும் பதில் சொல்லிட்டுத்தான் இருக்காங்களாமுங்க, உங்க பேச்சு அங்க நல்லாக் கேக்குதாமுங்க, நீங்கதான் காதுல வாங்க மாட்டேங்கறீங்களாம் என்றார். நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பேசாமல் இருக்கிறாய் என்றல்லவா நினைத்தேன்!

ஆன்டெனாவை ரேடியோவோடு பொருத்த நான் செய்து கொடுத்த டியூனரில் கோளாறு இருக்க வழியில்லை. காலி நூல் கோனில் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றி, டிபன் டப்பாவில் அடைத்து, நம் மொட்டை மாடியில் சோதித்துப் பார்த்துத்தானே கொடுத்தேன். அன்று கம்பியைத் துணிக்கொடிக் கயிற்றில் கட்டியிருந்தோம். மாறியது நூல் மட்டும்தான். இன்று எங்கள் பனியன் கம்பெனி திறந்ததும் சாம்பிள் செக்‌ஷன் கோமளாவிடம் கேட்டேன். அது நைலான் இல்லீங்கண்ணா, வெள்ளி பூசின நூலுங்க, விளையாட்டு பனியன்ல வேர்வை நாத்தம் வராம இருக்கப் போடறது என்று சிரிக்கிறாள். மீட்டரை வைத்தேன், கத்தியது. கரண்ட் ஓடுகிற நூல்!

மழையில் நைந்துபோகாது என்று பெருமையாக உன் பையில் வைத்த மேதாவி நான்தான். கம்பி முடிய வேண்டிய இடத்தில் முடியாமல், நூல் வழியாக ஈர மரம் வரை நீண்டுவிட்டது. உன் ரேடியோ பெட்டியில் இருப்பதே ஐந்து வாட். அதையும் பலாமரம் குடித்துவிட்டது. சரியாகப் பொருந்தினால் அணைய வேண்டிய டியூனரின் சிவப்பு விளக்கு, என்ன திருகினாலும் அணைந்திருக்காது. உன் கைதான் சரியில்லை என்று நீ நொந்திருப்பாய். இங்கே வீட்டில் நூறு வாட், அதனால் என் கத்தல் மட்டும் உனக்குக் கேட்டிருக்கிறது.

அங்கே பிரசவ நாள் நெருங்கிய அந்தப் பெண்ணை நினைத்துத்தான் இவ்வளவு அவசரப்படுகிறேன். செல்போன் டவர் இல்லாத ஊரில் அவளுக்கு வலி எடுத்தால், நர்ஸ் நீ ரேடியோவில் சொல்ல வேண்டும், நான் குமாரசாமிக்குப் போன் போட வேண்டும். அதுதானே ஏற்பாடு. உன் குரலே வராமல் ஒரு வாரம் போயிருக்கிறது. மழை வலுத்தால் ஓடையைத் தாண்டி ஜீப் ஏறாது என்கிறார் குமாரசாமி. அவளுக்குச் சின்ன வலி என்றாலும் யோசிக்காமல் கூப்பிடு.

இனி காற்றில் சொல்ல முடியாத விஷயம். மலைக்கு மாற்றல் கேட்டு வாங்கியது என்னை விட்டுப் போகத்தானா, நான் வேண்டாம் என்றால் பதில் பேசாதே, புரிந்துகொள்கிறேன் என்று செவ்வாய்க்கிழமை மைக்கில் கத்தினேன். அதே அலைவரிசையில் கேட்டுக்கொண்டிருந்த சாமளாபுரம் பாண்டித்துரை அண்ணன் குறுக்கே வந்து, ஏனுங்க மாதவன், ஊரே கேக்குதுங்க, செட்டை அணைச்சுட்டுப் போய்த் தண்ணி குடிங்க என்றார். வெட்கமாக இருக்கிறது. அதைவிடப் பயமாக இருக்கிறது.

என் கேள்வியை எல்லோரும் கேட்டார்கள். அதற்கும் நீ பதில் சொல்லியிருப்பாய். என்ன சொன்னாய், வேல்விழி? அது யார் காதிலும் விழவில்லை.

இன்று ஏழு மணிக்கு நான் மைக்கைத் தொடமாட்டேன். நீயே முதலில் பேசு. அந்தப் பெண் எப்படி இருக்கிறாள் என்று சொல். பிறகு, செவ்வாய்க்கிழமை சொன்னது எதுவாக இருந்தாலும், ஊரே கேட்டாலும் பரவாயில்லை, இன்னொரு தடவை சொல்லிவிடு.

காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்,
மாதவன்