நாற்பத்தொன்றாவது அத்தியாயம்

1957 அக்டோபர் 13, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து இருபது. தொடர்கதையின் அத்தியாயங்கள் நாற்பத்தொன்று; ஒன்றும் குறையவில்லை. பைண்டிங் கடையிலிருந்து இப்போதுதான் எடுத்து வந்தேன். கஜா பேராங்கில் என் அறை முழுக்கப் பசை வாடை. அட்டையில் தங்க எழுத்தில் உன் பெயர். சாயங்காலம் வாசகசாலையில் உன் நினைவாக இதை வைக்கப் போகிறார்கள். என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை.

நம் ஏற்பாடு எளிமையானது. சென்னை வார இதழ் கடல் தாண்டிக் கப்பலில் இந்த ஊருக்கு என் பெயரில் வரும். நான் படித்ததும் நீ கிளேபாங் வீட்டுக்குக் கொண்டுபோய் உன் மனைவிக்கு வாசித்துக் காட்டுவாய். மறுபடி என்னிடம் வரும். தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்ப்பது என் வேலை. ஒரு பக்கத்தில் குழம்புக் கறை பட்டதற்கு உன்னோடு இரண்டு நாள் பேசாமல் இருந்தவன் நான்.

அந்தக் கதையில் அண்ணன் செய்த குற்றத்துக்குத் தம்பி ஜெயிலுக்குப் போவான். அண்ணன் வாயே திறக்காமல் தம்பி பெயரில் ஊருக்கு ஒரு சத்திரம் கட்டுவான். நீ கண்டக்டர், புக்கிட் ரம்பாய் பஸ் கிளம்பும்வரை படியில் நின்றுகொண்டு என்னோடு சண்டை போடுவாய்.

"சத்திரம் கட்டுனா சரியாயிடுமா? போயி தம்பிகிட்ட உண்மையச் சொல்லணும்டா!"

"சொன்னா ஜெயில்ல போன வருசமெல்லாம் திரும்பி வருமா? சத்திரத்துலயாச்சும் நாலு பேரு படுப்பான்."

"டேய் டெலிபோன் கம்பிக்காரா, ஒனக்குப் போயி டெக்னிக்கல் ஸ்கூல்ல சர்டிபிகேட் குடுத்தான் பாரு!"

பஸ்ஸே சிரித்தது.

பிறகு நீ காசநோய் வார்டில் படுத்தாய். கதையில் மிச்சம் ஒரே அத்தியாயம். நான் பார்க்க வந்த முதல் நாளே வார்டு நர்ஸ் மிஸ்ஸி சொல்லிவிட்டாள்: "உள்ள வந்த பேப்பர் வெளிய போகாது. எரிச்சிருவோம்." அடுத்த வாரம் இதழ் வந்தது. உனக்குக் கொடுத்தால் என் தொகுப்பில் முடிவு இருக்காது. அவ்வளவுதான் காரணம்.

"வந்துச்சா? போயி சொன்னானா இல்லையா?" என்று கேட்டாய்.

"கப்பல் லேட்டு."

"சுதந்திரம் கெடச்சதும் கப்பக்காரனும் லீவு போட்டுட்டானா?" சிரித்தாய், இருமினாய். நானும் சிரித்தேன்.

கையால் நகல் எழுதிக் கொடுத்திருக்கலாம். ஒன்பது பக்கம், இரண்டு மணி நேர வேலை. சுதந்திர விழா விளக்குகளைக் கழற்றும் வேலையில் நேரமில்லை என்று சொல்லிக்கொண்டேன். பொய். நேரம் இருந்தது. உனக்காக ஒரு வழி யோசிக்கத்தான் தோன்றவில்லை.

இதழ் வந்த பதினோராம் நாள் நீ போய்விட்டாய்.

கருமாதி அன்று உன் மனைவி கேட்டார்: "அண்ணே, அந்தக் கடைசிக் கத வந்துச்சா? போற வரைக்கும் அதையேதான் கேட்டுக்கிட்டு இருந்தாரு."

"நேத்துதாம்மா வந்துச்சு."

"அவருக்குக் குடுத்து வைக்கல" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தங்க எழுத்து, வாசகசாலை, விழா எல்லாம் அதற்குப் பிறகு எனக்கு வந்த யோசனைகள். இன்று அட்டையைப் பார்த்ததும் விளங்கியது. நானும் சத்திரம்தான் கட்டியிருக்கிறேன்.

கடைசி அத்தியாயத்தில் அண்ணன் போய்ச் சொல்கிறான். தம்பி மன்னிக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். கதை அங்கேயே நின்றுவிடுகிறது. நீதான் ஜெயித்தாய். அதை உன்னிடம் சொல்ல வழியில்லை. "வந்துச்சா?" என்ற உன் குரல் மட்டும், டெலிபோன் கம்பத்தின் உச்சிக்கு ஏறினாலும் கூடவே ஏறி வருகிறது.

இனி செய்யப் போவது:

1. சாயங்கால விழா வேண்டாம் என்று வாசகசாலைச் செயலாளரிடம் சொல்வேன். ஏன் என்று கேட்டால் அதையும் சொல்வேன்.

2. அங்கிருந்து நேரே சைக்கிளில் கிளேபாங் போவேன். புத்தகத்தைக் கொண்டுபோக மாட்டேன். கையில் அதைப் பார்த்தால் உன் மனைவி திட்டத் தயங்குவார்.

3. இதழ் என்றைக்கு வந்தது, எங்கே வைத்திருந்தேன், ஏன் கொடுக்கவில்லை என்று வரிசையாகச் சொல்வேன். கப்பல், விளக்கு எதையும் சாக்குக்கு இழுக்க மாட்டேன்.

4. அவர் கதவைச் சாத்தினால் திரும்பி வருவேன். மன்னிப்புக் கேட்டு வாசலில் நின்று அவரைத் தொந்தரவு செய்ய மாட்டேன்.