டிவிக்குப் போர்த்திய சால்வை

பிரியமுள்ள அந்தோணி,

நம் மன்றத்தின் செயற்குழு இரண்டு முறை கூடி ஒரு முடிவெடுத்தது. விழா மேடையில் வைக்கும் டிவிக்கு மாலை கிடையாது, சால்வைதான். மாலை போட்டால் திரையில் தெரிபவர் இறந்துபோனவர் என்று ஜனங்கள் எண்ணிவிடுவார்களாம். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. மஞ்சளா பச்சையா என்பதற்குத் தனி வாக்கெடுப்பு.

விழா உன்னுடையதுதான். நீ போய் ஒரு வருடம். திரையில் தெரிய இருந்தவள் உன் தங்கை ஃபிலோ. டொராண்டோவில் அவள் பாட, இங்கே நம் தீவில், ஹேடோவில், நான் தபலா வாசிக்க, நீ மெட்டுப் போட்ட பாட்டு. உன் ஆர்மோனியத்தையும் மேடையில் திறந்து வைத்திருந்தார்கள். வாசிக்க ஆளில்லாத பெட்டியை எதற்குத் திறந்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரியுமா?

நாம் மூவரும் ஞாயிறுதோறும் வாசித்ததை நினைத்துக்கொள்கிறேன். நம் சத்தம் அங்கே போய் அவள் குரல் திரும்புவதற்குள் தாளம் நகர்ந்துவிடும். ஒருவரை ஒருவர் கேட்டுக் காத்திருந்தால் பாட்டு இழுத்து இழுத்து நின்றே போகும். நீதான் வழி கண்டாய். நாம் காதில் எதையும் மாட்டாமல் வாசித்துக்கொண்டே போக வேண்டும். அவள் நம்மைக் கேட்டுப் பாட வேண்டும். அங்கே எல்லாம் சேர்ந்துவிடும். இங்கே நமக்கு அவள் பாட்டே கிடையாது.

"நமக்குக் கேக்காட்டி என்னல? அம்மாவுக்குக் கேக்குதில்ல?" என்பாய்.

அம்மாவுக்காகத்தான் எல்லாமே. நடக்க முடியாமல் ஃபிலோ வீட்டில் இருப்பவர், உன் பாட்டை இன்னொருமுறை முழுசாகக் கேட்க வேண்டும். விழாவுக்கு நான் சம்மதித்தது அந்த ஒன்றுக்காக.

செயலாளர் ஒத்திகைக்கு வந்தார். ஃபிலோவின் குரல் ஸ்பீக்கரில் தாளம் தப்பி வந்தது.

"அரே பாய், சீஃப் கெஸ்ட் முன்னால இப்படியா?"

"அங்க சரியா இருக்கும் சார். அவங்கம்மா கேக்கறாங்க."

"ஆடியன்ஸ் இங்கதானே உக்காந்திருக்கு? அந்தப் பொண்ணு பாட்டுக்குப் பாடட்டும், நீ கேட்டு வாசி. அம்மாவுக்கு வீடியோ அனுப்பிடலாம்."

இறந்தவனின் தாயை ஆடியன்ஸில் சேர்க்க முடியாது என்று சொல்ல இவருக்கு எந்த விதி இடம் கொடுத்தது? கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. ஃபிலோதான், "விடுங்கண்ணா, நான் மனசுக்குள்ள தாளத்த எண்ணிக்கிட்டே பாடிடறேன்" என்றாள். அம்மாவுக்கு என் தபலா பிந்தித்தான் கேட்கும்; ஏதோ கேட்டால் போதும் என்று அவளே இறங்கி வந்தாள்.

விழாவன்று சீஃப் கெஸ்ட் டிவிக்குச் சால்வை போர்த்தினார். கைதட்டல். ஃபிலோவுக்கு நம் பக்கத்துக் கண்ணும் காதுமாக இருந்தது டிவியின் தலையில் ஒட்டிய சின்ன கேமராவும் அதற்குள் இருந்த மைக்கும். மஞ்சள் ஜரிகை இரண்டையும் மூடிக்கொண்டது.

நான் எழுந்து செயலாளரின் காதில் சொன்னேன்.

"அவர் கையால போத்தினத நாம எடுத்தா மரியாதையா? பாட்டு முடியட்டும், பைட்டோ பாய்" என்றார்.

உட்கார்ந்தேன். வாசித்தேன். மண்டபத்தில் ஒரு அடிகூடப் பிசகவில்லை. தூரம் என்பதே ஒழிந்துவிட்டது என்று சீஃப் கெஸ்ட் பேசினார். அந்தச் சால்வையை ஒரு கையால் இழுத்துவிட எனக்கு என்ன கேடு, அந்தோணி? உனக்கு இந்த மரியாதையெல்லாம் தோன்றியிருக்குமா?

பிறகு ஃபிலோ கூப்பிட்டாள். அம்மா அவளிடம் கேட்டாராம்: "நீ மட்டும் ஏன் பாடுற? அங்க யாரு மெத்தையத் தட்டுறா?"

வரும் ஞாயிறு மாலை ஆறு மணிக்கு உன் குவார்ட்டர்ஸில் உட்கார்ந்து வாசிக்கப்போகிறேன். அங்கே காலை நேரம். காதில் எதுவும் மாட்ட மாட்டேன். மன்றத்துக்கும் சொல்லவில்லை. அம்மாவுக்குக் கேட்கிறவரை ஒவ்வொரு ஞாயிறும் வாசிப்பேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

விழாவுக்கென்று அம்மா அன்று புதுச்சேலை கட்டியிருந்தார். பாட்டு முடியும்வரை மஞ்சள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உன் மச்சான்,
ஞானம்