சம்பந்திக்கு இரண்டாவது குவளை

ஜூன் 3

அது பீரா? கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுற அளவுக்கு ஒரு கிளாஸ், அதுலயும் பாதி நுரை. அதைப் போய் என் பொண்ணு கல்யாணத்துல ஊத்துவீங்களா? ஊத்துங்க சம்பந்தி, நல்லா ஊத்துங்க. நான் மண்டபத்து வாசல்ல குறுக்கே படுத்துக்கிறேன். என்னைத் தாண்டிப் பீப்பாயை உருட்டிக்கிட்டுப் போங்க, பார்ப்போம்.

இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஹெரிபெர்ட் போனை வைத்த பிறகுதான் எனக்கு வாய் வருகிறது. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

செப்டம்பரில் வால்புர்காவுக்குக் கல்யாணம். நாற்பத்தொரு வயதில் மகளுக்கு ஒருவன் பிடித்திருக்கிறான் என்றால் அப்பன் சந்தோஷப்பட வேண்டியதுதான். பட்டேன். மாப்பிள்ளை செவெரின் தூரத்துக் கொலோன் நகரத்துக்காரன். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை, அது ஒன்றுதான் குறை. ஆனால் அவன் அப்பா, இந்த ஹெரிபெர்ட், முப்பது வருஷம் டிராம் ஓட்டிய ஆள், தண்டவாளத்தை விட்டு இறங்கவே மாட்டார். சர்ச் அவர்கள் ஊரில். மண்டபம் அவர்கள் ஊரில். கேக், பாண்டு வாத்தியம் எல்லாம் அவர்கள் ஏற்பாடு. பெண்ணைப் பெற்றவனுக்கு மிச்சம் இருந்தது பீர் ஒன்றுதான். அதையும் அவரே கொண்டுவருகிறாராம்.

"உங்க ஊர் பீரைக் குடிச்சா எங்க சனம் ஆட மாட்டாங்க சம்பந்தி. தூங்கிருவாங்க."

தூங்கிருவாங்களாமே!

ஜூன் 5

வால்புர்கா தீர்ப்பு சொல்லிவிட்டாள். கோர்ட்டில் குமாஸ்தா வேலை, தீர்ப்பு காதில் விழுந்து விழுந்து அவளுக்கும் வந்துவிட்டது.

அடுத்த வாரம் ஹெரிபெர்ட் என் வீட்டுக்கு வருகிறார், சம்பந்திகள் பழகிக்கொள்ள. நாலு நாள் தங்கல். நாளுக்கு ஒரு பீர், நான் பார்த்துத் தேர்ந்தெடுப்பது. அந்த நாலில் ஏதாவது ஒன்றை அவரே வாய் திறந்து இன்னொரு குவளை கேட்டுவிட்டால் கல்யாணத்துக்கு எங்கள் பீர். கேட்காவிட்டால் அவர் பீர், நான் வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

"மாமாகிட்ட இதைச் சொல்லக் கூடாதுப்பா. தெரிஞ்சா வாயைத் தெச்சுக்குவாரு."

"சொல்ல மாட்டேன்."

"இன்னொண்ணு வேணுமான்னு நீயும் கேக்கக் கூடாது, கடைக்காரங்களும் கேக்கக் கூடாது. அவரா கேக்கணும்."

சரி என்றேன். எங்கள் பக்கத்து பீரை ஒன்றோடு நிறுத்திய மனிதனை நான் பார்த்ததே இல்லை. ஜெயித்தாயிற்று.

ஜூன் 9

நாலே நாலு. இதுதான் வேதனை. முப்பத்தாறு வருஷம் பால் லாரி ஓட்டியிருக்கிறேன், எந்த ஊரில் யார் என்ன காய்ச்சுகிறார்கள் என்று நாக்குக்குத் தெரியும். ஊருக்கு ஒருத்தர், சில ஊரில் ரெண்டு பேர். நாலை எடு, மற்றதை விடு என்றால் எதை விடுவது? பேப்பரில் எழுதினேன், அடித்தேன், பேப்பர் கிழிந்தது.

குனிகுண்டிடம் யோசனை கேட்டது என் தப்பு. அவள் கடை எங்கள் தெருக் கோடியில், காய்ச்சுவதும் ஊற்றுவதும் அவளே.

"நாலு நாளும் இங்கேயே கூட்டிட்டு வா. வேற எங்க போனாலும் உன் மண்டையில கரண்டிதான்."

"உன்னைக் கடைசி நாளுக்கு வெச்சிருக்கேன் குனிகுண்டு."

"ஏன், அதுக்குள்ள அந்தாளுக்கு நாக்கு செத்துடும்னா?"

ஜூன் 12

வந்துவிட்டார். என்னைவிட ஒரு சாண் உயரம். கதவு நிலையில் தலை இடித்தது. நல்ல ஆரம்பம்.

ஜூன் 13

முதல் நாள் அதிர்ச்சி வைத்தியம். பக்கத்து நகரம் பாம்பெர்க் போய்ப் புகை பீர். முளைகட்டிய பார்லியை விறகுப் புகையில் காயவைத்துச் செய்வது, கறுப்பாக இருக்கும், மூக்குக்குப் பக்கத்தில் வந்தாலே அடுப்படி வாசனை.

"என்ன சம்பந்தி, பீருக்குள்ள பன்னித் தொடையை ஊற வெச்சுட்டீங்களா?"

"எலும்பை எடுத்துட்டுத்தான் குடுக்கிறாங்க. பயப்படாம குடிங்க."

குடித்தார். அடிமட்டம் வரை. அப்புறம் காலிக் கிளாஸை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பரிமாறுகிற பெண்ணையே பார்த்தார். நான் முன்பே போனில் சொல்லி வைத்திருந்ததால் அவள் சுவரைப் பார்த்தாள். கால் மணி நேரம். "சரி, போலாமா" என்றார்.

ஒன்று போனது. பரவாயில்லை. புகை எல்லாருக்கும் ஒத்துவராது.

ஜூன் 14

கறுப்பு பீர், கூடவே பன்றித் தோள் கறி, மேலே தோல் மொறுமொறுவென்று. இதில் விழாதவன் பிறக்கவில்லை. எலும்பை வழித்து வைத்தார். பீரின் கடைசிச் சொட்டுக்குத் தலையைப் பின்னால் சாய்த்தார். நான் மேஜைக்கு அடியில் அதிர்ஷ்டத்துக்குக் கட்டை விரலை மடக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

உட்கார்ந்தார். பெருமூச்சு விட்டார். கிளாஸுக்கு அடியில் இருந்த அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டு, மறுபடி அடியிலேயே வைத்தார். மோட்டுவளையைப் பார்த்தார்.

ஏன்யா, வாயில என்ன கொழுக்கட்டையா? ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை கேளேன்யா!

வழியெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தார். கோபமா என்ன? கோபப்பட வேண்டியவன் நான்.

ஜூன் 15, மத்தியானம்

மானத்தை விட்டுப் பக்கத்துச் சீமைக்குப் போனோம், ரெண்டு ரயில் மாறி. எங்கள் ஆட்களுக்கும் அவர்களுக்கும் ஆகாது. ஆனால் அங்கே ஊரே சேர்ந்து ஒரே கொப்பரையில் காய்ச்சி, ஆளுக்கு ஆள் வீட்டில் வைத்து ஊற்றுவார்கள். எந்த வீட்டு வாசலில் நட்சத்திரம் தொங்குகிறதோ இன்றைக்கு அந்த வீட்டில் பீர்.

மூன்றாவதும் போனது. எழுதப் பிடிக்கவில்லை.

ஜூன் 15, சாயங்காலம்

எழுதத்தான் வேண்டும்.

சமையலறையில் முள்ளங்கி சீவிக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே தோட்டத்தில் ஹெரிபெர்ட் தன் மனைவியோடு போனில். ஒட்டுக் கேட்கவில்லை, அவர் குரல் டிராம் மணி மாதிரி.

"பீரு அருமையா இருக்கு மார்லீஸ், அதுதான் கொடுமையே. ஒரு கிளாஸ் வெக்கிறாங்க, அதோட சரி. நான் அட்டையைக் கிளாஸ் மேல வெக்கவே இல்ல. மூணு நாளா காலிக் கிளாஸை வெச்சுக்கிட்டுப் பரிதாபமா உக்காந்திருக்கேன். ஒருத்தரும் எட்டிப் பாக்கல. இவரும் உம்முனு என் மூஞ்சியவே பாக்கறாரு. நம்ம செவெரினுக்கு வாய்ச்ச மாமனாரு சரியான கஞ்சன்."

கஞ்சனா! நானா! முள்ளங்கியோடு விரலையும் சீவப் பார்த்தேன்.

உடனே வால்புர்காவைக் கூப்பிட்டேன். அட்டைக் கதை என்ன என்று கேட்டதும் அப்படி ஒரு சிரிப்பு. கொலோனில் யாரும் பீர் கேட்பதே இல்லையாம். கிளாஸ் காலியானால் பரிமாறுகிறவன் தானே வந்து அடுத்ததை வைத்துவிட்டுப் போவான். அட்டையை எடுத்துக் கிளாஸ் மேலே மூடினால்தான் போதும் என்று அர்த்தம். அதுவரை வந்துகொண்டே இருக்கும்.

அறுபத்தொன்பது வயசு. மனுசன் வாழ்க்கையில ஒரு தடவைகூட வாயால பீர் கேட்டதில்லை!

மூன்று நாளும் அவர் வேண்டும் வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருந்திருக்கிறார். கேட்காதீர்கள் என்று கடை கடையாகச் சொல்லி வைத்தவன் நான். என் தலையில் நானே கொட்டிக்கொண்டேன்.

"அப்ப நான் ஜெயிச்சுட்டேன்லம்மா?"

"இல்லப்பா. வாய் திறந்து கேக்கணும்."

"நாளைக்கு அவர்கிட்ட விஷயத்தைச் சொல்லிடறேன்."

"நீ சொல்லிக் குடுத்தா செல்லாது."

பெற்றேனே!

ஜூன் 16

குனிகுண்டின் குன்றுத் தோட்டம், கோடையில் அவள் கடை இங்கேதான். பாறையைக் குடைந்து உள்ளே பீப்பாய், மேலே அடர்ந்த மர நிழலில் பெஞ்சு. வீட்டிலிருந்து கட்டிவந்த மூட்டையைப் பிரித்தேன்: ரொட்டி, பாலாடைக்கட்டி, தொத்திறைச்சி, சீவிய முள்ளங்கி. வடிகட்டாத பீர், கலங்கலாக, பீங்கான் குவளையில்.

ஹெரிபெர்ட் ஒரு மடக்கு விழுங்கினார். கண்ணை மூடினார். திறந்தார். பாதிக் குவளை இல்லை.

"இது யாரு காய்ச்சினது?"

"அந்த பீர் ஊத்துற ஜன்னலுக்குப் பின்னால நிக்கிறாளே, அவதான்."

ஜன்னலைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கினார். குனிகுண்டு சிவந்துபோனாள். இருபது வருஷமாக நான் தொப்பியைத் தூக்குகிறேன், ஒரு தடவையாவது சிவந்தாளா?

குவளை காலி. மறுபடி அதே உட்காரல். அட்டை அடியில். பெருமூச்சு. குனிகுண்டு ஜன்னலில் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

சொல்லிக் கொடுக்கக் கூடாது. கேட்கக் கூடாது. சரி. பேசக் கூடாது என்று தீர்ப்பில் இல்லையே? என்னிடம் ஒரு கதை இருக்கிறது. பனிப்புயலில் என் பால் லாரி சிக்கிய கதை. அதை முழுசாகக் கேட்டவர் யாரும் கிடையாது. பாதிரியாரே பாதியில் எழுந்து போனவர்.

"சம்பந்தி, ஒரு ஜனவரியில என்னாச்சு தெரியுமா…"

டயர் விவரத்தில் ஆரம்பித்தேன். முன் டயர், பின் டயர், எந்தக் கடையில் வாங்கினது. ஒவ்வொரு ஊர் நிறுத்தத்திலும் எத்தனை கேன், எந்த மாடு. இருபது நிமிஷம். ஹெரிபெர்ட் காலிக் குவளையைத் தூக்கிப் பார்த்தார், ஒன்றும் இல்லை, வைத்தார். தொத்திறைச்சி தின்றார். தொண்டை விக்கியது.

"…அதுக்கு முன்னாடி ரேடியேட்டரைப் பத்திச் சொல்லணும் சம்பந்தி…"

"ரேடியேட்டரா?"

"முதல்ல வாங்கினப்போ இருந்த ரேடியேட்டர். ரெண்டாவதைப் பத்தி அப்புறம் வரேன்."

அவர் முகத்தில் ஏதோ ஒன்று அறுந்தது. பார்த்தேன், எனக்கு உள்ளுக்குள் மேளம்.

"பள்ளத்துல லாரி சாயுது சம்பந்தி, பின்னாடி ஆயிரம் லிட்டர் பாலு, நான் என்ன பண்ணேன்னா…"

எழுந்தார். என் குவளையையும் சேர்த்து எடுத்தார். நேராக ஜன்னலுக்கு நடந்தார், நீண்ட காலை எட்டி எட்டி வைத்து. தோட்டம் முழுக்கக் கேட்கிற டிராம் மணிக் குரலில்:

"அம்மா, ரெண்டு குடுங்க. இதே பீரு, விளிம்பு வரைக்கும். அவருக்கு இன்னும் ரெண்டாவது ரேடியேட்டர் பாக்கி இருக்காம்."

குனிகுண்டு கரண்டியைத் தூக்கிப் பீப்பாயில் மூன்று தட்டுத் தட்டினாள்.

நான் நிறுத்தவில்லை. லாரி இன்னும் பள்ளத்தில்தான் இருந்தது, நான் கதவைத் திறந்து கீழே குதித்து…