பதினேழில் வந்த மீதி

மார்ச் 3, மேரு

என் வீட்டுக்காரரின் கருமக்கிரியை முடிந்து நான்கு நாள். பக்கத்து வீட்டு இராஜம்மா அக்கா வாசலில் நின்றே கேட்டார். "கன்னையா ஐசியில கடைசி நாலு நம்பர் சொல்லு தாமரை, லாட்டரியில எடுத்துப் பாக்குறேன். போனவங்க நம்பர் அடிக்கும் லா." அடையாள அட்டை எண்ணைத் தரவில்லை. இங்கேயும் எழுத மாட்டேன்.

மார்ச் 4

கொழுந்தன் யுகேந்திரன் அவருடைய லோரியிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தான். துறைமுகத்தில் கண்டெய்னருக்குக் காத்திருந்த நேரமெல்லாம் தன் ஐசியின் பன்னிரண்டு இலக்கத்தையும் ஒரே எண்ணாக்கி வகுத்திருக்கிறார். 3, 7, 11, 13 என்று 211 வரை, பக்கத்துக்கு ஒன்று; 5 மட்டும் கடைசி இலக்கத்தைப் பார்த்தாலே தெரியும் என்று விட்டிருக்கிறார். எல்லாவற்றிலும் மீதி.

"பொம்பளைங்க ஐசி இரட்டையில முடியும், ரெண்டுலயே உடைஞ்சிடும். என்னோடது எதுலயும் உடையாது, பாரு" என்பார். காட்டாமலே போய்விட்டார்.

நான் முடிக்கிறேன். தோட்டப் பள்ளியில் நாலாவது வரைதான். வகுக்கக்கூடவா தெரியாது?

மார்ச் 6

தெரியவில்லை. 213-ஆல் வகுத்தேன். மூன்று முறை, மூன்று வேறு மீதி. அழித்து அழித்துத் தாள் கிழிந்தது.

மார்ச் 7

213 தேவையே இல்லை! அது மூன்று எழுபத்தொன்று. மூன்றில் மீதி வந்த எண் 213-இல் மட்டும் எப்படிச் சரியாகப் போகும்? அதனால்தான் அவர் பல எண்களைத் தாண்டியிருக்கிறார். இதைச் சொல்லிட்டுப் போனா என்ன? எல்லாத்துக்கும் ஒரு சிரிப்பு.

மார்ச் 9

யுகேந்திரன் வந்தான். "போன்ல போட்டா ஒரு செகண்ட், அண்ணி. எதுக்குத் தலையைப் பிச்சுக்கிறீங்க?"

"உங்கண்ணன் போன்ல போட்டாரா?"

"அவர்கிட்ட இருந்தது பட்டன் போன் லா."

சிரித்துவிட்டேன். அவன் போனதும் ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை.

மார்ச் 15

கை பழகட்டும் என்று அவர் போட்டதையே முதலிலிருந்து போட்டேன். 3 சரி. 7, 11, 13 சரி. 17 — அவருக்கு மீதி 4. எனக்கு 0. ஐந்து தடவை போட்டேன். 0.

கடைசிக்கு முந்தின கழித்தல் தப்பு. லோரி வரிசை நகர்ந்திருக்கும், அவசரப்பட்டிருப்பார்.

உடைஞ்சிடுச்சு. பதினேழிலேயே. அதுக்கப்புறம் நாற்பது பக்கம் — எதுக்குங்க?

மார்ச் 16

யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 21

கோபத்தில் அந்த நாற்பதையும் சரிபார்த்தேன். இன்னொரு தப்பாவது கிடைக்கும் என்று பார்த்தேன். ஒன்றுகூட இல்லை.

மார்ச் 22

பதினேழால் வகுத்து வந்த ஈவு பதினோரு இலக்கம். அதுவாவது உடையாமல் இருக்குமா? 19-ஆல் வகுக்க உட்கார்ந்தேன். பாதியில் கை நின்றது. இந்த ஈவு 19-இல் சரியாகப் போனால், அதைப் பதினேழு மடங்கு ஆக்கிய பெரிய எண்ணும் போயிருக்க வேண்டும். அது போகவில்லை என்று அவர் போட்டு வைத்திருக்கிறார். 23-க்கும் அப்படித்தான். 211 வரைக்கும் அப்படித்தான். நாற்பது பக்கமும் இதற்குச் செல்லும்.

பதினேழை மட்டும் இந்த ஈவுக்கு மறுபடி போட்டேன். மீதி 5. மூன்று தடவை பார்த்துவிட்டேன், 5 தான்.

அவருடைய 4-ஐ அடித்து 0 எழுதினேன். பிறகு வெற்றுப் பக்கம் திருப்பி, 211-க்கு அடுத்து உடையாத எண்ணாக, மேலே 223 என்று போட்டேன்.