டீனாவின் பீப்பாய்

ஆனேக்கல்
4 நவம்பர் 2024

அன்புள்ள கேரல் அக்காவுக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, பல்கூடத் துலக்காமல், டீனாவின் பீப்பாயிலிருந்து ஒரு வாய் ஒயின் எடுத்துச் சுவைத்துத் துப்பினேன். பற்பசை பட்டுவிட்டால் அப்புறம் நாக்கு பொய் சொல்லும். துப்ப மனம் வராத அளவுக்கு நன்றாக வந்திருக்கிறது அக்கா. இருபத்தோராவது பிறந்தநாளன்று பேண்ட்டை முழங்கால்வரை மடித்துக்கொண்டு உன் மகளே மிதித்த திராட்சை. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் வந்து ஒரு மிடறு குடித்துப் பார்ப்பாள். போன தடவை கண்ணைக் கட்டிவிட்டு அவள் முன்னால் ஐந்து கிளாஸ் வைத்தேன். மூன்றாவதை மூக்கருகே கொண்டுபோனதுமே, "சித்தி, இது என்னோடது" என்றாள். என் கம்பெனியில் வேறு யாருக்கும் அந்த நாக்கு இல்லை. எனக்கே இருக்கிறதோ என்னவோ.

கல்யாணம் ஜனவரி 25 என்று சிரில் மாமா சொன்னார். மணமக்களை வாழ்த்திக் குடிக்கிற டோஸ்ட்டுக்கு அந்த ஒயினைத்தான் ஊற்ற வேண்டும். நானே ஊற்றுவேன்.

சீர் விஷயம். சுவர்க் கடிகாரம், கண்ணாடிப் பொம்மை எல்லாம் வேண்டாம். தினமும் கை படுகிற சாமானாகக் கொடுப்போம். நீங்கள் மஸ்கட்டில் இருந்த வருஷமெல்லாம் மர்பி டவுன் வீட்டில் அவளுக்கு டிபன் கட்டிக் கொடுத்தவள் நான். அவள் சமையலறையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று யோசிப்பது எனக்கு ஒரு தனி ஆசை. என்ன வேண்டும் என்று எழுது. போனில் பேசினால் இரண்டு நிமிஷத்தில் சண்டையில் முடிக்கிறோம். எழுதினால் கொஞ்சம் மரியாதையாவது மிஞ்சுகிறது.

உன் தங்கை
நோரா

&nbsp;

கம்மனஹள்ளி
11 நவம்பர் 2024

அன்புத் தங்கை நோராவுக்கு,

ஆண்டவர் அருளால் இங்கே எல்லாரும் நலம். உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? நாற்பத்தேழு வயதில் அந்தக் காட்டில் தனியாகக் கிடக்கிறாயே என்று தினமும் உனக்காக ஒரு செபமாலை சொல்கிறேன்.

கேட்டாய், எழுதுகிறேன். வாஷிங் மெஷின், டபுள் டோர் ஃப்ரிட்ஜ், கிரைண்டர், பெரிதும் சின்னதுமாகக் குக்கர், புழக்கத்துக்கு எவர்சில்வர் பாத்திரம். பாத்திரத்தில் பேர் வெட்டும்போது "அன்பளிப்பு: அம்மா, அப்பா" என்று போடச் சொல். உன் பேர் வேண்டாம். கோபப்படாதே, காரணம் சொல்கிறேன்.

மாப்பிள்ளை அபினவின் அப்பா சந்தானம், அவர்களுடைய சபையில் மூப்பர். அந்த வீட்டில் இருமல் மருந்தைக்கூட லேபிள் படித்துத்தான் வாங்குவார்கள். ஆகையால் ஒயின் கிடையாது. டோஸ்ட்டுக்குத் திராட்சை ஜூஸ். போன மாதம் 'ஒயின் தொழிலின் முன்னோடிப் பெண்' என்று பேப்பரில் உன் படம் வந்ததே, அதைச் சம்பந்தியம்மா என் முன்னால் நீட்டிவிட்டார். "இந்தம்மா அப்படியே உங்க சாடையா இருக்காங்களே?" எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "எல்லாரும் அப்படித்தாங்க சொல்றாங்க. தூரத்துச் சொந்தம், போக்குவரத்து இல்ல" என்று சொல்லிவிட்டேன். வெளியே வந்ததும் சிரில், "பரவால்லையே, சமாளிச்சுட்டியே" என்று பாராட்டினார்.

இன்னொன்று. உன் கல்யாணத்துக்கென்று அம்மா வாங்கி வைத்த பெரிய அண்டா உன்னிடம்தானே இருக்கிறது? கல்யாணம்தான் நடக்கவில்லை, உனக்கு எதற்கு? அதையும் சேர்த்து அனுப்பு. நல்ல கனமான சாமான்.

அன்பு முத்தங்களுடன்
அக்கா கேரல்

&nbsp;

ஆனேக்கல்
24 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று அல்சூரில் கோதண்டராமன் பாத்திரக்கடைக்குப் போனேன். பேர் வெட்டும் மெஷினைக் கையில் பிடித்துக்கொண்டு, "யார் பேரும்மா போடணும்?" என்றார்.

"அம்மா, அப்பான்னு போடுங்க."

"பொண்ணோட அம்மாவா? ரொம்ப சந்தோஷம்."

"இல்லைங்க."

மெஷினை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "அப்ப நீங்க யாரும்மா?"

"சாமான் வாங்க வந்தவ" என்றேன்.

"அதுக்கும் ஒரு ஆள் வேணும்ல" என்று சிரித்துவிட்டு மறுபடி வெட்டத் தொடங்கினார். அந்த மெஷின் போடுகிற சத்தம் இன்னும் பல்லில் இருக்கிறது.

அண்டாவை அனுப்ப முடியாது. "எங்க வீட்டுக்குச் சாராயக்காரி வேணாம்" என்று, எனக்கு நிச்சயமாகியிருந்த நீலின் அம்மா மோதிரத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டாரே, அந்த வாரம் இந்த அண்டாவில்தான் முதல்முதலாக விற்பதற்கென்று திராட்சை போட்டேன். கம்பெனி அதிலிருந்துதான் வந்தது. அம்மா வாங்கியதிலேயே அதிகமாக உழைத்த சாமான் அது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். ஒயின் வேண்டாம், சரி. பேர் வேண்டாம், அதுவும் சரி. கோயிலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அவள் நடந்து வருவதைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறேன். விருந்துக்கு நிற்கமாட்டேன், போட்டோவில் வரமாட்டேன். சரி என்று ஒரு வரி எழுது. எனக்கு அது போதும்.

நோரா

&nbsp;

கம்மனஹள்ளி
3 டிசம்பர் 2024

அன்பு நோராவுக்கு,

உன் மனது எனக்குத் தெரியாதா? ஆனால் கடைசி பெஞ்சும் வேண்டாம். நாம் இருவரும் ஒரே அச்சு. உன்னைப் பார்த்த நிமிஷமே நான் பொய்க்காரி ஆகிவிடுவேன். கல்யாண வீட்டில் என்னை அப்படி நிறுத்த நீ விரும்பமாட்டாய்.

இது என் முடிவு என்று நினைக்காதே. டீனாவையே கேட்டேன். "சித்தி வந்தா எல்லாரும் அவங்களத்தான் பாப்பாங்க. அப்புறம் அந்த வீட்ல பதில் சொல்லப்போறது நான்தானே? வேணாம்மா" என்றாள். நீ வளர்த்த பிள்ளை, எவ்வளவு விவரமாகப் பேசுகிறாள் பார்.

அன்றைக்கு வேறு ஏதாவது வேலை வைத்துக்கொள். மனசு அதில் போய்விடும்.

அக்கா கேரல்

&nbsp;

ஆனேக்கல்
6 ஜனவரி 2025

அக்காவுக்கு,

நீ எழுதியதை நம்ப முடியாமல் டீனாவுக்குப் போன் செய்தேன். எடுத்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"சித்தி, ஒரு நாள்தானே? கோவிச்சுக்காதீங்க. அப்புறமா நான் வரேன்ல?"

"எப்ப வருவே?"

"அவங்க வீடு கொஞ்சம் பழகட்டும் சித்தி." பிறகு, நான் வைத்துவிடுவேனோ என்ற அவசரத்தில், "வாஷிங் மெஷின் மட்டும் ஃப்ரண்ட் லோடா பாத்துக்கோங்க, என்ன?" என்றாள்.

ஃப்ரண்ட் லோடுதான் எடுத்திருக்கிறேன். எல்லாச் சாமானும் வியாழக்கிழமை வந்து சேரும். எதிலும் என் பேர் இல்லை. நான் வரமாட்டேன். பிள்ளை நன்றாக இருக்கட்டும்.

நோரா

&nbsp;

கம்மனஹள்ளி
15 ஜனவரி 2025

அன்பு நோராவுக்கு,

சாமான் வந்தது. சம்பந்தியம்மா பார்த்துவிட்டு, "பெத்தவங்கன்னா இப்படிச் செய்யணும்" என்று வாய் நிறையச் சொன்னார். மெஷினுக்கு ஸ்டாண்டு வரவில்லை. கேட்டு அனுப்பு.

அக்கா

&nbsp;

ஆனேக்கல்
25 ஜனவரி 2025

அக்கா,

மற்றதையெல்லாம் மெயிலில் அனுப்பினேன். இதைப் பேனாவால் எழுதுகிறேன், அனுப்பப்போவதில்லை என்பதால்.

இன்று காலை முதல் வேலையாகப் பல் துலக்கினேன். சுவைத்துப் பார்க்க ஒன்றும் இல்லை. நீங்கள் கோயிலுக்குக் கிளம்பியிருக்கும் நேரத்தில் டீனாவின் பீப்பாயைத் திறந்து, பாதியை வேறு பீப்பாய்க்கு மாற்றி, இரண்டிலும் தண்ணீர் கலந்து, உறைமோர் போலப் பழைய வினிகரில் ஒவ்வொரு குடம் ஊற்றி, பீப்பாய் வாய்க்குத் துணி கட்டினேன். மூடி போடவில்லை. காற்றுப் பட்டால் ஒயின் புளித்து வினிகராகிவிடும். இத்தனை காலமும் காற்றுப் படாமல் காப்பாற்றுவதுதான் என் பிழைப்பு. முதல் தடவையாக வேண்டுமென்றே விட்டேன்.

என்னோடு ஆரம்பத்திலிருந்து இருக்கிற கிருஷ்ணப்பா ஓடி வந்தார். "மேடம், இது பாப்பா பீப்பாய்! மூடி மறந்துட்டீங்களா?"

"மறக்கல கிருஷ்ணப்பா."

"ஐயோ, ஹாளாகிடுமே, கெட்டுப் போயிடுமே!"

"ஆகட்டும்."

எதற்கென்று அவரிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லப்போவதில்லை. ஈஸ்டருக்குள் நல்ல வினிகர் ஆகிவிடும். மூப்பர் வீட்டில் அதற்குத் தடை இருக்காது. லேபிள் ஒட்டாத பாட்டில்களில் நிரப்பி டீனாவுக்கு அனுப்பப்போகிறேன். புழங்குகிற சாமான்தானே. தீர்ந்தால் மறுபடி அனுப்புவேன். இரண்டு பீப்பாய் இருக்கிறது, வருஷக்கணக்கில் வரும்.

இதில் ஆசை எவ்வளவு, வன்மம் எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தேன். கலந்த பிறகு பிரிக்க முடியாது என்பது என் தொழிலிலேயே தெரிந்த விஷயம்.

ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமனார் மாமியாரை உட்கார வைத்து, என்னிடம் கற்ற, வினிகர் ஊற்றிச் சமைக்கிற விந்தாலு கறியைச் செய்து பரிமாறுவாள். முதல் கவளம் வாய்க்குப் போனதுமே அவளுக்குத் தெரிந்துவிடும். அந்த நாக்கை ஏமாற்ற முடியாது. தான் மிதித்தது, தன் பிறந்தநாள் எல்லாம் அதில் இருக்கும். துப்ப முடியாது. மென்று விழுங்க வேண்டும்.

"நல்லாருக்கேம்மா, எங்க வாங்கின வினிகர்?" என்று மூப்பர் கேட்பார்.

தூரத்துச் சொந்தம் ஒருத்தங்க அனுப்பினாங்க என்று சொல்லட்டும்.

நோரா