நாற்பத்தேழாம் எலும்பு

ஜூன் 9
எலும்பின் படத்தைக் காட்டினால் விலங்கின் பெயரைச் சொல்லும் ஏஐ செயலி தயார். மூன்று மாதமாக எங்கள் ஆய்வகத்து எலும்புகளைக் காட்டிக் காட்டிப் பழக்கினேன். இனி தொல்லியல் பிள்ளைகள் எலும்பும் கையுமாக என் பின்னால் அலைய வேண்டியதில்லை. இன்று சோதித்தபோது படத்தில் என் கட்டைவிரலும் விழுந்துவிட்டது. "குரங்கினம், 91 சதவீதம்" என்றது. அதை வீட்டில் போய்ச் சொன்னேன் பாருங்கள், என் புத்தி! "மீதி ஒன்பது சதவீதம் எதுக்குச் சந்தேகப்பட்டுச்சு?" என்றார் கணவர்.

ஜூன் 12
தேர்வுப் பெட்டியில் இருக்கும் ஐம்பது எலும்புகளை மட்டும் அதன் கண்ணில் காட்டவில்லை. விடை வெளியே போய்விடுமே. என் மூளையே மூளை.

ஜூன் 20
வகுப்பில் பந்தா காட்டும் ஆசையில் அந்தப் பெட்டியை நானே திறந்தேன். 47: முன்னங்கால் எலும்பு. செம்மறியா வெள்ளாடா என்று எவரையும் திணறடிக்கும். விடை செம்மறி, பதினெட்டு வருடமாக என் செல்லக் கேள்வி. செயலி 'வெள்ளாடு' என்றது. "பாத்தீங்களா, மெஷினும் தப்பு பண்ணும்" என்று கால் மணி நேரம் பேசினேன்.

லேப் அக்கா எலும்பு கழுவுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்பவளுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் அது. பன்னிரண்டு வருடத்துக்கு முன் என் மாணவி. 47க்கு வெள்ளாடு என்று எழுதி, ஒரே மதிப்பெண்ணில் தேறாமல், கைக்கு வந்த ஆராய்ச்சி இடத்தை இழந்தவள். அந்தக் கதையை வருடா வருடம் வகுப்பில் எச்சரிக்கையாகச் சொல்வேன். பெயரைச் சொல்ல மாட்டேன். எவ்வளவு பெரிய மனசு எனக்கு!

ஜூன் 21
ஏழு கோணத்தில் காட்டினேன். வெள்ளாடு. விளக்கை மாற்றினேன். வெள்ளாடு. கட்டைவிரலோடு காட்டினேன். வெள்ளாடு, குரங்கினம்.

ஜூன் 22
வெர்னியர் அளவுகோலை எடுத்து அளந்தேன். மூன்று முறை. வெள்ளாடுதான். பதினெட்டு வருடத்தில் ஒருதரமாவது அளந்தேனா? எலும்போடு என் கையெழுத்தில் பெயர்ச் சீட்டு இருக்கும்போது அளப்பானேன்!

பழைய பதிவேட்டைத் தேடி எடுத்தேன். ஒரு செம்மறி, ஒரு வெள்ளாடு. வேகவைத்து எலும்பெடுத்த நாள் இரண்டுக்கும் ஒன்றே. ஞாபகம் வந்துவிட்டது — இரண்டு அண்டா கழுவச் சோம்பல்பட்டு, இரண்டையும் ஒரே அண்டாவில் போட்டேன். பிறகு கண்ணால் பார்த்தே பிரித்தேன். என்ன ஒரு கண்ணு! அடிப்பாவி, ஒரு பொண்ணோட வாழ்க்கையையும் சேத்துல்ல வேகவச்சிருக்கே.

ஜூன் 23
அவளிடம் சொல்லவில்லை.

ஜூன் 24
இன்றும் இல்லை. காபி போட்டுக் கொடுத்தேன். "மேடம், உடம்பு சரியில்லையா?" என்றாள்.

ஜூன் 26
சொல்லிவிட்டேன். "47 வெள்ளாடுதான். தப்பு என்னோடது."

கையிலிருந்த பிரஷ்ஷைக் கீழே வைக்காமலே, "தெரியும் மேடம்" என்றாள்.

"அப்போ அன்னைக்கே ஏன் சொல்லல?"

"சொன்னேனே. நீங்கதான் முட்டை போட்டீங்க."

நான்தான் அழுதேன். அவள்தான் துணி கொடுத்தாள். எலும்பு துடைக்கிற துணி.

ஜூலை 4
பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய மதிப்பெண்ணைத் திருத்த விதி இல்லையாம், தேர்வு அலுவலகத்தில் சொல்கிறார்கள். விதி எழுதியவர்களும் என்னைப் போலத் தப்பே செய்யாதவர்கள் போலிருக்கிறது.

ஆகஸ்ட் 11
எலும்பு வகுப்பை இனி அவள்தான் எடுக்கிறாள். துறையில் சண்டை போட்டு வாங்கினேன். முதலில் எலும்பைக் கையில் எடுத்துப் பார்த்து, விடையைக் காரணத்தோடு எழுத வேண்டும். அப்புறம்தான் செயலி. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அளக்க வேண்டும். கடைசி பெஞ்சில் நானும் உட்கார்ந்தேன். எனக்கு இருபதுக்குப் பதினாறு. செயலி பதினேழு. "வெக்கப்படாம அளந்து பாருங்க மேடம்" என்று வெர்னியரை நீட்டினாள்.

வகுப்பு முடிந்ததும் 47க்குப் புதுச் சீட்டு எழுதினேன். வெள்ளாடு. இனங்கண்டவர் என்ற இடத்தில் அவள் பெயர். தேதிக்கு, பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய அந்தத் தேர்வு நாள்.

அவள் வாங்கிப் படித்தாள். மொத்தமே மூன்று வரி. வெகுநேரம் படித்தாள்.